மீன்பிடிப் படகுகளில் மின்குறுக்கீடு

மீன்பிடிப் படகுகளில் மின்குறுக்கீடு என்பது, ஒரே மின்கல அடுக்கிலிருந்து மின்சாரம் பெறும் படகுக் கருவிகளுள் ஒன்று மற்றொன்றின் இயக்கத்தைக் கெடுப்பதைக் குறிக்கும். மீன்காட்டியின் திரையில் இல்லாத மீன்கள் புள்ளிகளாகத் தோன்றுதல், எந்திரத்தின் வேகத்தோடு ஏறி இறங்கும் சீழ்க்கை ஒலி வானொலியில் கேட்டல், நீரேற்றி ஓடத் தொடங்கும்போது இருப்பிடம் காட்டும் கருவி அணைந்து மீண்டும் எரிதல் ஆகியன இதன் வழமையான அறிகுறிகள் ஆகும். இது மின்காந்தக் குறுக்கீடு என்னும் பரந்த துறையின் ஒரு பகுதியாகும்.

பேட்டரி என்று பரவலாக அழைக்கப்படும் மின்கல அடுக்கைக் கருவிகள் பகிர்ந்துகொள்வதே இதற்குக் காரணம் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால் பல வேளைகளில் குறுக்கீட்டைச் சுமந்து செல்வது மின்கல அடுக்கு அன்று. அதிலிருந்து கருவிகள் வரை பொதுவாகச் செல்லும் கம்பியே ஆகும். ஆகவே கம்பிகளைப் பிரித்து அமைப்பதே முதல் தீர்வாகும். வடிகட்டிகளும் இரண்டாவது மின்கல அடுக்கும் அதன் பின்னரே கருதத் தக்கவை.

முக்கியத்துவம்

படகிலுள்ள மின்னணுக் கருவிகள் பலவும் மிக நுண்ணிய குறிகைகளைக் கேட்பவை. மீன்காட்டி நீருக்குள் ஒலித்துடிப்பை அனுப்பி, அடித்தளத்திலிருந்தும் மீன்களிலிருந்தும் திரும்பும் எதிரொலியைக் கேட்கிறது. ஆழத்திலிருந்து திரும்பும் எதிரொலி மின்குறிகையாக மாறும்போது சில மைக்ரோவோல்ட்டு அளவுக்கே இருக்கக்கூடும். கடல்சார் விஎச்எஃப் வானொலி ஒரு மைக்ரோவோல்ட்டுக்கும் குறைந்த குறிகையை ஏற்க வல்லது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களிலிருந்து வந்தடையும் திறன் ஒரு வாட்டின் கோடி கோடியில் ஒரு பங்கைவிடவும் குறைவு. இத்தகைய கருவிகளுக்கு அருகில், அதே கம்பிகளில், பல ஆம்பியர் மின்னோட்டத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி இணைக்கும் கருவிகளும் இயங்குகின்றன.

குறுக்கீட்டால் மீன்பாடு குறைவது ஒரு இழப்பு. அதைவிடப் பெரிது உயிர்ப் பாதுகாப்பு. கடலில் அபாய அழைப்புகளுக்கு உரிய 16ஆம் அலைவரிசை 156.8 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் உள்ளது. இலக்கமுறை அபாய அழைப்புக்கான 70ஆம் அலைவரிசை 156.525 மெகாஹெர்ட்சிலும், கப்பல்களை இனங்காட்டும் ஏஐஎஸ் அமைப்பு 161.975, 162.025 மெகாஹெர்ட்சுகளிலும் இயங்குகின்றன. இரைச்சலால் மூடப்பட்ட வானொலி பழுதடைந்ததாகத் தோன்றாது. அது அமைதியாகவே இருக்கும்; தொலைவிலிருந்து வரும் அழைப்பு மட்டும் அதில் கேட்காது. பழுது வெளிப்படாமல் இருப்பதே இக்குறுக்கீட்டின் அபாயம் ஆகும்.

வரலாறு

அருகருகே செல்லும் கம்பிகள் ஒன்றையொன்று பாதிப்பது தொலைபேசியின் தொடக்க காலத்திலேயே அறியப்பட்டது. இதற்குத் தீர்வாக, செல்லும் கம்பியையும் திரும்பும் கம்பியையும் முறுக்கி அமைக்கும் முறைக்கு அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881இல் காப்புரிமை பெற்றார். வானொலி பரவியபின், குறுக்கீட்டை அளவிடவும் வரம்பிடவும் சிஸ்ப்பர் என்னும் பன்னாட்டுச் சிறப்புக் குழு 1934இல் தோன்றியது.

சப்பானின் ஃபுருனோ நிறுவனம் 1948இல் நடைமுறைக்கு ஏற்ற மீன்காட்டியை வணிக அளவில் வெளியிட்டது. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் லோரன்ஸ் நிறுவனம் சிறுபடகுகளுக்கான கையடக்கச் சோனார் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எந்திரத்தைக் கிளப்பவும் விளக்கெரிக்கவும் மட்டும் இருந்த மின்கல அடுக்கில் அதன்பின் ஒவ்வொரு கருவியாகச் சேர்ந்தது.

2001இல் கலிபோர்னியாவின் மாஸ் லாண்டிங் மீன்பிடித் துறைமுகத்தில் ஜிபிஎஸ் வாங்கிகள் செயலிழந்தன. தேடியபோது, படகுகளில் பொருத்தப்பட்டிருந்த தொலைக்காட்சி அலைவாங்கிகளின் மிகைப்பிகள் தாமே அலைவுற்று, ஜிபிஎஸ் அதிர்வெண்ணில் கதிர்வீசியது கண்டறியப்பட்டது. இது கம்பி வழிக் குறுக்கீடு அன்று. எனினும் ஒரு படகின் சிறு கருவி ஒரு துறைமுகத்தையே பாதிக்கலாம் என்பதை அது காட்டியது.

2018 ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்கக் கடலோரக் காவல்படை எல்இடி விளக்குகள் குறித்துப் பாதுகாப்பு எச்சரிக்கை ஒன்றை வெளியிட்டது. கப்பல் போக்குவரத்துப் பிரிப்புப் பாதையில் நிகழ்வொன்றில் சிக்கிய கப்பலை, மீட்பு ஒருங்கிணைப்பு மையத்தால் விஎச்எஃப் வானொலியில் அழைக்க இயலாமற்போனதும், அக்கப்பலின் ஏஐஎஸ் ஏற்பும் மிக மோசமாக இருந்ததும் அதில் குறிப்பிடப்பட்டன.

படகின் மின்னமைப்பு

சிறிய மீன்பிடிப் படகுகளில் பொதுவாக 12 வோல்ட்டு ஈய அமில மின்கல அடுக்கு பயன்படுகிறது. பெரிய விசைப்படகுகளில் இரண்டு அடுக்குகளைத் தொடராக இணைத்த 24 வோல்ட்டு அமைப்பும் உண்டு. அண்மை ஆண்டுகளில் இலித்தியம் இரும்பு பாசுபேட்டு மின்கலங்களும் பயன்பாட்டுக்கு வந்துள்ளன. எந்திரம் ஓடும்போது ஆல்டர்னேட்டர் எனப்படும் மின்னாக்கி மின்கல அடுக்கை மின்னேற்றுகிறது.

மின்கல அடுக்கிலிருந்து ஒரு இணைக் கம்பி ஆளிப் பலகைக்குச் செல்கிறது. அங்கிருந்து விளக்குகள், படகின் அடியில் தேங்கும் நீரை வெளியேற்றும் பில்ஜ் பம்பு, வானொலி, மீன்காட்டி, ஜிபிஎஸ், கைபேசி மின்னேற்றி ஆகியவற்றுக்குக் கிளைகள் பிரிகின்றன. கம்பி குறைவாகச் செலவாகும் என்பதால் இவ்வமைப்பு பரவலாக உள்ளது. குறுக்கீட்டுக்கு இடந்தருவதும் இதுவே.

குறுக்கீடு பரவும் வழிகள்

பொதுக் கம்பி வழிப் பரவல்

கம்பி எதற்கும் சிறிதளவு மின்தடை உண்டு. 2.5 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செப்புக் கம்பியின் தடை ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 7 மில்லி ஓம் ஆகும். மின்கல அடுக்கு ஆளிப் பலகையிலிருந்து 5 மீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். போக, வர 10 மீட்டர் கம்பியின் தடை 70 மில்லி ஓம். பம்பு 10 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுத்தால், அக்கம்பியில் விழும் மின்னழுத்தம் 10 × 0.07 = 0.7 வோல்ட்டு ஆகும். அதே கம்பியில் இணைந்த மீன்காட்டி, பம்பு ஓடும் ஒவ்வொரு முறையும் இந்த 0.7 வோல்ட்டு ஏற்றத்தாழ்வைக் காண்கிறது. மின்னோடி கிளம்பும் கணத்தில் அது இழுக்கும் மின்னோட்டம் வழமையான அளவைப்போல் பல மடங்காவதால் வீழ்ச்சியும் பல மடங்காகும்.

இதனை மின்கல அடுக்கோடு ஒப்பிடுவோம். நல்ல நிலையிலுள்ள 12 வோல்ட்டு தொடக்க மின்கல அடுக்கின் அகத்தடை ஏறத்தாழ 5 மில்லி ஓம் எனக் கொண்டால், அதே 10 ஆம்பியருக்கு அதன் முனைகளில் ஏற்படும் வீழ்ச்சி 0.05 வோல்ட்டு மட்டுமே. கம்பியில் ஏற்படும் வீழ்ச்சி இதைப்போல் 14 மடங்கு. மீன்காட்டியின் கம்பியை மின்கல அடுக்கின் முனைகளுக்கே நேராகக் கொண்டுசென்றால், புதிய கருவி எதுவும் வாங்காமலே ஏற்றத்தாழ்வு 14இல் ஒரு பங்காகக் குறைகிறது.

வேகமாக மாறும் மின்னோட்டங்களில் கம்பியின் தூண்டமும் சேர்ந்துகொள்கிறது. ஒரு மீட்டர் தனிக்கம்பியின் தூண்டம் ஏறத்தாழ 1 மைக்ரோஹென்றி ஆகும். ஒரு மைக்ரோநொடியில் மின்னோட்டம் 1 ஆம்பியர் மாறினால், அந்த ஒரு மீட்டரில் மட்டும் 1 வோல்ட்டு தோன்றும். கம்பியைத் தடிமனாக்கினால் தடை குறையும். தூண்டம் மிகச் சிறிதே குறையும். எனவே பொதுக் கம்பியைத் தடிமனாக்குவதால் மின்னழுத்த வீழ்ச்சி நீங்கினாலும், துடிப்பு இரைச்சல் நீங்குவதில்லை. அதற்குக் கம்பியைப் பிரிப்பதே வழி.

காந்தப்புலம், மின்புலம் வழிப் பரவல்

மாறும் மின்னோட்டம் செல்லும் கம்பியைச் சுற்றி மாறும் காந்தப்புலம் உண்டாகிறது. அருகில் இணையாகச் செல்லும் கம்பியில் அது மின்னழுத்தத்தைத் தூண்டும். போகும் கம்பிக்கும் வரும் கம்பிக்கும் இடையேயுள்ள பரப்பு கூடக்கூட இவ்விளைவும் கூடும். மின்னழுத்தம் விரைந்து மாறும் கம்பி, அருகிலுள்ள கம்பியோடு ஒரு சிறு மின்தேக்கியைப்போல் இணைந்தும் இரைச்சலைக் கடத்துகிறது. மீன்காட்டியின் ஒலி உணரியிலிருந்து வரும் வடம் மின்வழங்கு கம்பிகளோடு சேர்த்துக் கட்டப்படும்போது இவ்விரு விளைவுகளும் நேர்கின்றன.

நேரோட்டமும் தீங்கற்றதன்று. 10 ஆம்பியர் செல்லும் தனிக்கம்பி 20 சென்டிமீட்டர் தொலைவில் உண்டாக்கும் காந்தப்புலம் 10 மைக்ரோடெசுலா. தென்னிந்தியக் கடல்களில் புவிக்காந்தத்தின் கிடைக்கூறு ஏறத்தாழ 40 மைக்ரோடெசுலா. ஆகவே அத்தொலைவில் உள்ள காந்தத் திசைகாட்டி 14 பாகை வரை விலகக்கூடும். இரு கம்பிகளும் ஒன்றாகச் சென்றால் எதிரெதிர்ப் புலங்கள் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளும்.

கதிர்வீச்சு

உயர் அதிர்வெண்களில் கம்பிகளே அலைபரப்பிகளாகச் செயல்படும். விஎச்எஃப் அலையின் நீளம் ஏறத்தாழ 2 மீட்டர். அரை மீட்டர் அளவுள்ள விளக்குக் கம்பி, அதன் கால் பங்கு என்ற வகையில், நல்ல அலைபரப்பியாகிறது. இவ்வகைக் குறுக்கீட்டை மின்வழங்கு கம்பிகளைப் பிரிப்பதால் மட்டும் நீக்க இயலாது.

தோற்றுவாய்கள்

மின்னாக்கி: மூன்று தறுவாய் மின்னோட்டத்தைத் திருத்தி நேரோட்டமாக்கும்போது சிற்றலைகள் எஞ்சுகின்றன. 12 காந்த முனைகளைக் கொண்ட மின்னாக்கி நிமிடத்துக்கு 3000 முறை சுழன்றால், மின்னலையின் அதிர்வெண் 300 ஹெர்ட்ஸ். ஒரு சுற்றுக்கு ஆறு துடிப்புகள் என்பதால் சிற்றலை 1800 ஹெர்ட்ஸ் ஆகும். இது காதுக்கு எளிதில் கேட்கும் சீழ்க்கை. எந்திர வேகத்தோடு சுருதி மாறுவது இதன் அடையாளம்.

தீப்பொறி அமைப்பு: பெட்ரோல் வெளிப்பொருத்து எந்திரங்களின் தீப்பொறிச் செருகிகள் பரந்த அதிர்வெண்களில் இரைச்சலை எழுப்பும். வேகத்தோடு விரையும் டிக் டிக் ஒலியாக அது கேட்கும். டீசல் எந்திரங்களில் இது இல்லை.

தூரிகை மின்னோடிகள்: பில்ஜ் பம்பு, மின்விசிறி ஆகியவற்றில் தூரிகைக்கும் திசைமாற்றிக்கும் இடையே எழும் பொறிகள் இரைச்சலாகின்றன. மின்னோடி ஓடும்போது மட்டும் இது இருக்கும்.

மின் உந்துபொறி: அமெரிக்க ஏரிகளில் தூண்டில் மீன்பிடிப்போர் படகைச் சத்தமின்றி நகர்த்த டிரோலிங் மோட்டார் என்னும் மின் உந்துபொறியைப் பயன்படுத்துகின்றனர். அங்கே மீன்காட்டியில் தோன்றும் குறுக்கீட்டுக்குப் பெயர்பெற்ற காரணம் இதுவே. வேகத்தைக் கட்டுப்படுத்த மின்னோட்டம் துடிப்புகளாக வெட்டப்படுகிறது. முழு வேகத்தில் வெட்டுதல் இல்லாததால் இரைச்சலும் மறையும். குறைந்த வேகங்களில் தோன்றி முழு வேகத்தில் மறையும் குறுக்கீடு, வேகக் கட்டுப்பாட்டுச் சுற்றிலிருந்து வருவதாகும்.

நிலைமாற்று மின்வழங்கிகள்: எல்இடி விளக்குகளின் இயக்கிச் சுற்று, கைபேசி மின்னேற்றி, சூரியத் தகட்டின் மின்னேற்றக் கட்டுப்படுத்தி, 230 வோல்ட்டு தரும் இன்வெர்ட்டர் ஆகியன இவ்வகையின. இவற்றின் அடிப்படை அதிர்வெண் பல்லாயிரம் ஹெர்ட்ஸ் முதல் சில மெகாஹெர்ட்ஸ் வரை இருக்கும். அதன் மடங்குகள் விஎச்எஃப் பட்டை வரை எட்டக்கூடும்.

வானொலியும் மற்றொரு மீன்காட்டியும்: 25 வாட்டில் ஒலிபரப்பும் விஎச்எஃப் வானொலி 5 முதல் 6 ஆம்பியர் இழுப்பதால், பொதுக் கம்பியிலுள்ள பிற கருவிகளின் மின்னழுத்தம் விழும். 200 கிலோஹெர்ட்ஸ் போன்ற ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் இரண்டு மீன்காட்டிகள் நீர் வழியாகவே ஒன்றையொன்று கேட்கும். பின்னது மின்குறுக்கீடு அன்று. எவ்வகை மின்வடிகட்டியாலும் அதை நீக்க முடியாது. அதிர்வெண்ணை மாற்றுவதே அதற்குத் தீர்வு.

கண்டறிதல்

தோற்றுவாயையும் பரவும் வழியையும் அறியாமல் செய்யும் செலவு பெரும்பாலும் வீணாகும். பின்வரும் சோதனைகளுக்குப் பன்னோக்கு மின்மானி ஒன்றும், சிறு மின்கல அடுக்கு ஒன்றும் போதும்.

1. படகை நிறுத்தி, எந்திரத்தை அணைத்து, பாதிக்கப்பட்ட கருவியை மட்டும் இயக்குதல். அப்போதும் இரைச்சல் இருந்தால் காரணம் அக்கருவியிலோ வெளியிலோ உள்ளது.

2. பிற கருவிகளை ஒவ்வொன்றாக இயக்கி, எதனோடு இரைச்சல் தோன்றுகிறது எனக் குறித்துக்கொள்ளுதல். கைபேசி மின்னேற்றிகளையும் விட்டுவிடலாகாது.

3. எந்திரத்தைக் கிளப்பி, வேகத்தை மாற்றி, இரைச்சலின் சுருதி மாறுகிறதா எனக் கேட்டல்.

4. பாதிக்கப்பட்ட கருவியின் முனைகளில் மின்னழுத்தத்தை அளந்தபடி பம்பை இயக்குதல். 12 வோல்ட்டு அமைப்பில் 0.36 வோல்ட்டுக்கு, அதாவது 3 விழுக்காட்டுக்கு, மேற்பட்ட வீழ்ச்சி இருந்தால் பொதுக் கம்பியையோ அரித்துப்போன இணைப்பையோ ஐயுறலாம்.

5. பாதிக்கப்பட்ட கருவியைப் படகின் மின்னமைப்பிலிருந்து முற்றிலும் பிரித்து, 12 வோல்ட்டு 7 ஆம்பியர் மணி அளவுள்ள தனி மின்கல அடுக்கிலிருந்து இயக்குதல். இரைச்சல் மறைந்தால் அது மின்வழங்கு கம்பி வழியாக வந்தது. மறையாவிட்டால் கதிர்வீச்சாகவோ, உணரி வடம் வழியாகவோ, நீர் வழியாகவோ வருகிறது. இச்சோதனைகளுள் மிகுந்த பயன் தருவது இதுவே.

6. மத்திய அலை வானொலி ஒன்றை நிலையமில்லாத இடத்தில் வைத்து, கம்பிகளின் அருகே கொண்டுசெல்லுதல். இரைச்சல் எங்கே கூடுகிறதோ அங்கே தோற்றுவாய் அண்மையில் உள்ளது.

எல்இடி விளக்குகளுக்கென 2018ஆம் ஆண்டு எச்சரிக்கையில் எளிய சோதனை ஒன்று தரப்பட்டது. விளக்குகளை அணைத்து, வானொலியை அமைதியான அலைவரிசையில் வைக்க வேண்டும். ஸ்குவெல்ச் எனப்படும் இரைச்சல் அடக்கும் குமிழை இரைச்சல் கேட்கும் வரை திருப்பி, பின் அது சற்றே அடங்கும் நிலையில் நிறுத்த வேண்டும். இப்போது விளக்குகளை ஏற்றும்போது மீண்டும் இரைச்சல் கேட்டால், விளக்குகள் வானொலியின் கேட்புத்திறனைக் குறைக்கின்றன என்பது பொருள்.

குறைக்கும் முறைகள்

இம்முறைகள் செலவு குறைந்தவற்றிலிருந்து மிகுந்தவற்றுக்குச் செல்லும் வரிசையில் தரப்பட்டுள்ளன.

இணைப்புகளைச் சீராக்கல்

உப்புக்காற்றால் செப்பு முனைகள் பச்சை படிந்து அரிக்கப்படுகின்றன. அரித்த முனை ஒன்றின் தடை, பல மீட்டர் கம்பியின் தடையை விஞ்சக்கூடும். முனைகளைச் சுரண்டித் தூய்மையாக்கி இறுக்குவதும், ஈயம் பூசிய கம்பிகளையும் அழுத்தி இணைக்கும் முனைகளையும் பயன்படுத்துவதும் முதற்பணி ஆகும். முறுக்கிக் கட்டி ஒட்டுநாடா சுற்றிய இணைப்புகள் கடலில் நிலைப்பதில்லை.

தனிக் கம்பிகள்

மீன்காட்டி, வானொலி போன்ற நுண்கருவிகளுக்கு மின்கல அடுக்கின் நேர், எதிர் முனைகளிலிருந்து தனித்தனி இணைக் கம்பிகளைக் கொண்டுசெல்ல வேண்டும். நேர்முனைக் கம்பியை மட்டும் பிரித்து, எதிர்முனையைப் பொதுக் கம்பியில் விட்டுவிடுவது அடிக்கடி நேரும் பிழை. திரும்பும் கம்பியிலும் அதே மின்னோட்டம் செல்வதால், அவ்வாறு செய்தால் குறுக்கீட்டில் பாதி அப்படியே எஞ்சும். கருவிகள் பலவாயின் நுண்கருவிகளுக்கு ஒரு பகிர்வுக் கட்டையும், மின்னோடிகளுக்கு வேறொரு பகிர்வுக் கட்டையும் அமைத்து, இரண்டையும் மின்கல அடுக்கின் முனைகளில் மட்டும் சந்திக்கச் செய்யலாம்.

முறுக்குதலும் பிரித்தலும்

போகும், வரும் கம்பிகளை முறுக்கி அமைத்தால் ஒவ்வொரு முறுக்கிலும் தூண்டப்படும் மின்னழுத்தங்கள் எதிரெதிராகி நீங்கும். உணரி வடத்தையும் அலைவாங்கி வடத்தையும் மின்னோடிக் கம்பிகளிலிருந்து இயன்ற அளவு விலக்கி, படகின் எதிர்ப்பக்கம் வழியாகக் கொண்டுசெல்வது நல்லது. கடக்க நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்க வேண்டும். உணரி வடத்தை வெட்டி ஒட்டினால் அதன் காப்புறை அறுபட்டு இரைச்சல் நுழையும். மிகுந்த நீளத்தை வெட்டாமல் தள்ளிவைப்பதே சிறந்தது.

பெரைட்டு வளையங்கள்

பெரைட்டு என்பது இரும்பு ஆக்சைடு சார்ந்த காந்தப் பீங்கான். கருவிக்குச் செல்லும் இரு கம்பிகளையும் ஒரே வளையத்தின் ஊடாகச் செலுத்தினால், இரு கம்பிகளிலும் ஒரே திசையில் பாயும் உயர் அதிர்வெண் இரைச்சல் தடுக்கப்படுகிறது. எதிரெதிராகச் செல்லும் மின்வழங்கு மின்னோட்டத்தின் காந்தப்புலம் நீங்கிக்கொள்வதால் வளையம் தெவிட்டுவதில்லை. சுற்றுகளின் எண்ணிக்கையின் இருமடியைப் பொறுத்து எதிர்ப்பு கூடும். மூன்று சுற்றுகள் ஏறத்தாழ ஒன்பது மடங்கு பயன் தரும். மிக உயர்ந்த அதிர்வெண்களில் சுற்றுகளுக்கிடையேயுள்ள மின்தேக்கத்தால் இப்பயன் குறையும். இரைச்சல் எழுப்பும் கருவியை ஒட்டியே வளையத்தைப் பொருத்த வேண்டும். சீழ்க்கை போன்ற தாழ் அதிர்வெண் இரைச்சலுக்கு இது பயன்படாது.

வடிகட்டிகள்

தொடரிணைப்பில் ஒரு மின்தூண்டியும், பக்க இணைப்பில் ஒரு மின்தேக்கியும் சேர்ந்தது தாழ்பட்டை வடிகட்டி ஆகும். 100 மைக்ரோஹென்றி தூண்டியும் 1000 மைக்ரோபாரடு தேக்கியும் சேர்ந்தால் வெட்டு அதிர்வெண் ஏறத்தாழ 500 ஹெர்ட்ஸ். முன்னர்க் கூறிய 1800 ஹெர்ட்ஸ் சிற்றலையை இது கணக்கின்படி ஏறத்தாழ 12இல் ஒரு பங்காகக் குறைக்கும். தூண்டி, கருவி இழுக்கும் உச்ச மின்னோட்டத்தைத் தாங்குவதாக இருக்க வேண்டும். இல்லாவிடில் அதன் உள்ளகம் தெவிட்டிப் பயனற்றுப்போகும். அதன் தடை மிகுந்தால் வடிகட்டியே புதிய மின்னழுத்த வீழ்ச்சிக்குக் காரணமாகும்.

தோற்றுவாயில் அடக்குதல்

தூரிகை மின்னோடியின் முனைகளிலிருந்து அதன் உலோக உறைக்கு 0.1 மைக்ரோபாரடு பீங்கான் மின்தேக்கிகளை இணைப்பது பொறி இரைச்சலைக் குறைக்கும். பெட்ரோல் எந்திரங்களில் தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் தடையுள்ள தீப்பொறிச் செருகிகளைப் பயன்படுத்த வேண்டும். இரைச்சல் மிகுந்த மலிவான எல்இடி விளக்கையோ மின்னேற்றியையோ மாற்றிவிடுவதே பல வேளைகளில் வடிகட்டியைவிடச் செலவு குறைந்த தீர்வாகும்.

தனி மின்கல அடுக்கு

மின்னணுக் கருவிகளுக்கெனத் தனி மின்கல அடுக்கு வைப்பது நன்கறியப்பட்ட முறை. எந்திரம் கிளம்பும் கணத்தில் தொடக்க மின்னோடி நூற்றுக்கணக்கான ஆம்பியர்களை இழுப்பதால், 12 வோல்ட்டு அடுக்கின் மின்னழுத்தம் 10 வோல்ட்டுக்கும் கீழே விழக்கூடும். அப்போது கருவிகள் அணைந்து மீள்வதைத் தனி அடுக்கு தடுக்கும்.

ஆயினும் இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. இரு அடுக்குகளையும் ஒரே மின்னாக்கியால் மின்னேற்ற, மின்னழுத்தம் உயரும்போது தானே இணையும் உணர்வு ரிலே பொதுவாகப் பயன்படுகிறது. எந்திரம் ஓடும் நேரம் முழுவதும் இரு அடுக்குகளும் இணைந்தே இருப்பதால், மின்னாக்கியின் சிற்றலை இரண்டையும் அடையும். ரிலேவுக்கு மாற்றாக டையோடுப் பிரிப்பியும் உண்டு. அதில் ஏறத்தாழ 0.7 வோல்ட்டு இழப்பு ஏற்படும். எனவே இரண்டாவது அடுக்கு வைத்தாலும் தனிக் கம்பிகளின் தேவை நீங்குவதில்லை.

கருவியின் அமைப்புகள்

மீன்காட்டிகளில் இரைச்சல் நீக்கும் அமைப்பும் உணர்திறன் அமைப்பும் உள்ளன. தொடர்ந்துவரும் எதிரொலிகளை ஒப்பிட்டு, ஒரு முறை மட்டும் தோன்றும் புள்ளிகளை அது நீக்குகிறது. திரை தூய்மையாகும், ஆனால் மெலிந்த எதிரொலி தரும் சிறு மீன்களும் அப்புள்ளிகளோடு மறைந்துபோகலாம். ஆகவே கம்பிகளைச் சீராக்கிய பின்னரே இவ்வமைப்பை நாட வேண்டும்.

பாதுகாப்பு

மின்கல அடுக்கிலிருந்து நேராகச் செல்லும் ஒவ்வொரு நேர்முனைக் கம்பிக்கும், அக்கம்பியின் தாங்குதிறனுக்கு மிகாத உருகி அடுக்கின் அருகிலேயே இருக்க வேண்டும். அமெரிக்கப் படகு மற்றும் உல்லாசப் படகுக் குழுமத்தின் சீர்தரம் இதற்குப் பொதுவாக 7 அங்குலம், அதாவது ஏறத்தாழ 18 சென்டிமீட்டர், எல்லை வகுக்கிறது. சில விலக்குகளும் உண்டு. உருகி இல்லாத தனிக்கம்பி உரசிக் குறுக்கிணைந்தால் தீப்பற்றும்.

உலோகப் படகின் உடலைத் திரும்பும் கம்பியாகப் பயன்படுத்தலாகாது. அவ்வாறு செய்தால் இரைச்சல் கூடுவதோடு, கசியும் மின்னோட்டம் உடலை அரிக்கும். ஈய அமில மின்கலங்கள் மின்னேறும்போது ஐதரசன் வளிமம் வெளிப்படுவதால், அவற்றின் இணைப்புகளைக் கழற்றுமுன் மின்னேற்றத்தை நிறுத்திக் காற்றோட்டம் அமைக்க வேண்டும். பில்ஜ் பம்பின் சுற்றைக் குறுக்கீடு காரணமாகத் துண்டித்துவிட்டுக் கடலுக்குச் செல்வது ஆபத்தானது.

சீர்தரங்கள்

கடல்சார் வழிசெலுத்தல், வானொலிக் கருவிகளுக்கான ஐஇசி 60945 சீர்தரம், கருவிகள் உமிழும் இரைச்சலுக்கு வரம்பிடுகிறது. 156 முதல் 165 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டைக்கு அதில் பிற அதிர்வெண்களைவிடக் கடுமையான வரம்பு உண்டு. அபாய அழைப்பு அலைவரிசைகள் அப்பட்டையில் இருப்பதே இதன் காரணம். காந்தத் திசைகாட்டியிலிருந்து கருவியை வைக்க வேண்டிய தொலைவையும் அதே சீர்தரம் அளவிடச் சொல்கிறது. சிறுபடகுகளின் மின்னமைப்புக்கு ஐஎசுஓ 13297 என்னும் சீர்தரம் உள்ளது. நேரோட்டத்துக்கான ஐஎசுஓ 10133 சீர்தரம் அதன் 2020ஆம் ஆண்டுப் பதிப்பில் இணைக்கப்பட்டது. வீட்டுப் பயன்பாட்டுக்கோ வாகனங்களுக்கோ ஆன விளக்குகளும் மின்னேற்றிகளும் இக்கடல்சார் வரம்புகளுக்கு உட்பட்டவை அல்ல.

தமிழகக் கடற்பகுதி

தமிழகக் கடற்கரையின் விசைப்படகுகளிலும் வெளிப்பொருத்து எந்திரம் கொண்ட கண்ணாடியிழைப் படகுகளிலும் எக்கோ சவுண்டர், ஜிபிஎஸ், விஎச்எஃப் வானொலி ஆகியன பயன்பாட்டில் உள்ளன. 1974, 1976ஆம் ஆண்டுகளின் ஒப்பந்தங்களால் வகுக்கப்பட்ட இந்திய இலங்கைக் கடல் எல்லையை ஒட்டி மீன்பிடிப்போருக்கு, இருப்பிடம் காட்டும் கருவி இடையறாது இயங்குவது இன்றியமையாதது. பம்பு கிளம்பும்போதெல்லாம் அணைந்து, மீண்டும் செயற்கைக்கோள்களைத் தேடும் கருவி அங்கே பயன்படாது.

2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல், கரையிலிருந்து தொலைவில் இருக்கும் படகுகளுக்குச் செய்தி எட்டாமையின் விளைவை உணர்த்தியது. அதன்பின் செயற்கைக்கோள் வழி இருவழிச் செய்திக் கருவிகள் உருவாக்கப்பட்டன. கடலோர மாநிலங்களின் ஒரு இலட்சம் படகுகளில் அவற்றைப் பொருத்தும் தேசியத் திட்டம் 2024 ஆகஸ்டு 30 அன்று தொடங்கப்பட்டது. உயிர்காக்கும் கருவிகள் படகில் இவ்வாறு கூடக்கூட, மின்கல அடுக்கிலிருந்து அவற்றுக்குச் செல்லும் கம்பியைத் தனியே அமைப்பதன் தேவையும் கூடுகிறது.

இவற்றையும் பார்க்க

மின்காந்தக் குறுக்கீடு
சோனார்
ஈய அமில மின்கலம்
தாழ்பட்டை வடிகட்டி
முறுக்கிணைக் கம்பி
உலகளாவிய இடங்காட்டும் அமைப்பு